பழைய வீட்டில் புத்தக அலமாரி: மாடமா, கடப்பாக் கல்லா, பிளைவுட்டா, மரமா?

எங்கள் வீட்டுக் கூடத்தின் மேற்குச் சுவரில் முதலில் செய்த புத்தக அலமாரி இரண்டு ஐப்பசிகளைத்தான் கண்டது. இரண்டாவது மழைக்காலம் முடிந்து, தை மாதம் கீழ்த்தட்டிலிருந்து ஒரு தொகுதியை உருவினேன். அட்டை கையோடு வந்தது, பக்கங்கள் அலமாரியிலேயே நின்றுவிட்டன. பின்பலகை முழுக்கக் கறுத்துப் பூஞ்சை பிடித்திருந்தது. கீழ் மூலையில் செல், அதாவது கரையான், கட்டிய மண்பாதை. நகரத்திலிருந்து வந்த இன்டீரியர்காரர்கள் செய்த வேலை அது. கம்ப்யூட்டரில் படம் போட்டு, அலமாரிக்குள் விளக்கு எரிவது வரை காட்டினார்கள். சுவரை மட்டும் யாரும் தட்டிப் பார்க்கவில்லை. நானும்தான் பார்க்கவில்லை.

வீடு திருவிடைமருதூர் பக்கம் ஒரு கிராமத்தில், தாத்தா கட்டியது. ஒன்றரை அடிச் சுவர், சுண்ணாம்புக் காரை, கூடத்துக்கு மேலே மெட்ராஸ் டெரஸ் (மரக்கட்டைகளின் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட தளம்), பின்கட்டில் நாட்டு ஓடு. அப்பா சேர்த்ததும் நான் சேர்த்ததுமாக ஏறக்குறைய ஆயிரம் புத்தகங்கள். இரண்டாம் முறை அவசரப்படக் கூடாது என்று ஆறு மாதம் விசாரித்தேன். கொத்தனார், ஆசாரி, வாள்பட்டறைக்காரர், பிளைவுட் கடைக்காரர் என்று ஒவ்வொருவரும் தன் சரக்கே உசத்தி என்றார்கள். அதில் தேறியது இது.

எந்தப் பலகை என்று யோசிப்பதற்கு முன்னால் எந்தச் சுவர் என்று பார்க்க வேண்டும். பழைய வீடுகளில் அஸ்திவாரத்துக்கும் சுவருக்கும் நடுவே ஈரத்தைத் தடுக்கும் அடுக்கு பெரும்பாலும் கிடையாது. மேட்டூர் அணை திறக்க ஜூன் 12 என்று ஒரு வழக்கம் இருக்கிறதே, அந்தத் தண்ணீர் ஆற்றிலும் வாய்க்காலிலும் ஓட ஆரம்பித்தால் வயலுக்கு நல்லது, நம் சுவருக்குக் கெட்டது. நிலத்தடி நீர் மேலே வரும், செங்கல் அதை உறிஞ்சி ஏற்றும். பொதுவாகத் தரையிலிருந்து மூன்றடி உயரம் வரை ஓதம் ஏறும். அதற்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. சுவரின் அடிப்பாகத்தில் வெள்ளையாக உப்புப் பூத்து, காரை பொரிந்து உதிர்கிறது என்றால் அதுதான் காரணம். இதை மறைக்க சிமெண்ட் பூசுவது நம் ஊரில் எல்லோரும் செய்யும் தப்பு. சுண்ணாம்புப் பூச்சு மூச்சு விடும், உள்ளே ஏறிய ஈரம் அதன் வழியே காய்ந்துவிடும். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடுவதால் ஈரம் இன்னும் மேலே ஏறிப் போகும். எங்கள் மேற்குச் சுவரில் நடந்தது அதுவேதான். சிமெண்ட் பூச்சின் மேல் பிளைவுட்டை ஒட்ட வைத்து ஸ்க்ரூ போட்டிருந்தார்கள்.

சுவரைச் சோதிக்கச் செலவே இல்லை. இரண்டடிச் சதுர பாலிதீன் தாளைச் சுவரில் ஒட்டி, நான்கு ஓரமும் டேப்பால் அடைத்து, நாலைந்து நாள் விட்டுவிட வேண்டும். தாளுக்குப் பின்னால் நீர் முத்துகள் கட்டியிருந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. முன்பக்கம் கட்டினால் அறைக் காற்றிலிருந்து. சித்திரையில் செய்து பார்த்து 'சுவர் காய்ந்துதான் இருக்கிறது' என்று திருப்திப்பட்டால் ஏமாந்துபோவோம். ஆற்றில் தண்ணீர் ஓடும்போது, முடிந்தால் ஐப்பசியிலேயே செய்ய வேண்டும். நான் மூன்று சுவர்களில் ஒட்டினேன். கூடத்துக்கும் காமிரா உள்ளுக்கும் (உள்ளறைக்கும்) நடுவில் உள்ள சுவரில் மட்டும் இரண்டடி உயரத்துக்கு மேல் தாள் காய்ந்தே இருந்தது. இரண்டு பக்கமும் கூரைக்குள் இருக்கும் சுவர், மழை படாது, மாலை வெயிலும் படாது, முற்றத்துச் சாரலும் எட்டாது. அலமாரி அங்கேதான் என்று அன்றைக்கே முடிவாயிற்று. அந்தச் சுவர் ஈசானிய மூலையைத் தொடுகிறது, பாரம் ஏற்றக்கூடாது என்று சித்தப்பா சொல்லிப் பார்த்தார். "புத்தகம் சரஸ்வதிதானே, எங்கே இருந்தால் என்ன" என்று அம்மா ஒரே வரியில் முடித்துவிட்டார்.

அடுத்தது கனம். தமிழ்ப் புத்தகங்கள் பெரும்பாலும் டெமி அல்லது கிரவுன் அளவு. ஒரு புத்தகத்துக்கு இரண்டு சென்டிமீட்டர் தடிமன் என்று வைத்தால் ஆயிரம் புத்தகத்துக்கு 65 அடி நீளம் தேவை. ஒரு அடி நீளத்தில் நிற்கும் புத்தகங்கள் சாதா அட்டையென்றால் ஆறேழு கிலோ, கெட்டி அட்டையென்றால் பத்து கிலோவுக்கு மேலேயும் போகும். என் கணக்கில் மொத்தம் 450 கிலோ. கொள்முதல் நிலையத்தில் 40 கிலோவாகக் கட்டும் நெல் சிப்பத்தில் சொன்னால் பதினொரு சிப்பம். பதினொரு சிப்பத்தைச் சுவரில் ஸ்க்ரூவில் தொங்கவிடுவீர்களா? அதுவும் சுண்ணாம்புக் காரையில்? பிளாஸ்டிக் பிளக் அடித்தால் மாவாகக் கொட்டும் சுவர் அது. அதனால் எந்த வகையைத் தேர்ந்தெடுத்தாலும் பாரம் தரையில்தான் இறங்க வேண்டும். சுவர் அலமாரியைச் சாயாமல் பிடித்துக்கொண்டால் போதும். மாடி என்றால் இன்னும் கவனம் வேண்டும். பழைய மெட்ராஸ் டெரஸின் மேல் இந்தப் பாரத்தை வைக்க நான் துணிய மாட்டேன்.

தொய்வைப் பற்றி ஒரு கணக்கு தெரிந்துகொண்டால் யாரும் உங்களை ஏமாற்ற முடியாது. ஒரே மாதிரிப் புத்தகங்களை நெடுக அடுக்கும்போது, பலகையின் நீளம் இரண்டு மடங்கானால் நடுவில் தொய்வு பதினாறு மடங்காகும். பலகையின் தடிமன் இரண்டு மடங்கானால் தொய்வு எட்டில் ஒரு பங்காகும். என் முதல் அலமாரியில் நாலடிக்கு ஒரே பலகை. அதையே இரண்டரை அடியாக வைத்திருந்தால் தொய்வு ஆறில் ஒரு பங்குதான் இருந்திருக்கும். முக்கால் அங்குல பிளைவுட்டுக்கு இரண்டரை அடியே எல்லை, ஒரு அங்குலத் தேக்குக்கு மூன்றடி. அதற்கு மேல் யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

இனி வகைகள்.

முதலாவது, வீட்டிலேயே இருக்கும் சுவரலமாரிகளும் மாடங்களும். ஒன்றரை அடிச் சுவருக்குள் தாத்தா காலத்திலேயே விட்டுவைத்த குழிவுகள் இவை. எங்கள் வீட்டில் மூன்றடி அகலத்தில் ஒன்று, நான்கு தட்டு. பன்னிரண்டு அடிப் புத்தகம் செலவில்லாமல் அடங்கிவிட்டது. ஒரே குறை, பின்னால் மிச்சமிருக்கும் சுவர் மெல்லியது, அது வெளிச்சுவராக இருந்தால் மழை ஈரம் நேராக உள்ளே வரும். அப்படிப்பட்டதில் பாத்திரம் வைக்கலாம், புத்தகம் கூடாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதைப் பார்த்துவிட்டு, பக்கத்திலேயே புதிதாக இன்னொரு குழி எடுத்துவிடலாம் என்று சில கொத்தனார்கள் உற்சாகமாகச் சொல்வார்கள். அது மேல்தளத்தைத் தாங்கும் சுவர். கட்டும்போதே விட்ட குழிவு வேறு, கட்டி எண்பது வருடம் கழித்துக் கடப்பாரையால் இடிப்பது வேறு.

இரண்டாவது, கடப்பாக் கல். நம் சமையலறைகளில் எல்லாம் இருக்கிற கறுப்புக் கல்தான். செங்கல்லில் குறுக்குச் சுவர் எழுப்பி, நடுநடுவே கல்லைச் செருகிவிடுவார்கள். செல் தொடாது, தொய்யாது, வருடா வருடம் வார்னிஷ் வேண்டாம். கொத்தனார் ஒருவரே நாலைந்து நாளில் முடித்துவிடுவார். உண்மையைச் சொன்னால் செலவை மட்டும் பார்க்கிறவர்களுக்கு இதுவே போதும். ஆனால் புதிதாகக் கட்டுகிற செங்கல்லும் தரையிலிருந்து ஓதத்தை இழுக்கும், கல்லோ குளிர்ந்தே கிடக்கும். ஈரக்காற்று அடிக்கும் மார்கழிக் காலையில் கல்லைத் தடவினால் கையில் பிசுபிசுக்கும். புத்தகத்தின் அடிவிளிம்பு அதில்தான் நிற்கிறது. தவிர, ஒருமுறை கட்டினால் கட்டினதுதான். தட்டை இரண்டு அங்குலம் ஏற்ற வேண்டுமென்றாலும் உளியும் சுத்தியலும் வேண்டும். கம்பி வலையில் சிமெண்ட் பூசிச் செய்யும் ஃபெரோ சிமெண்ட் பலகைக்கும் இதே கதை, அது கல்லைவிட மெல்லியது, இலேசு, அவ்வளவுதான்.

மூன்றாவது பிளைவுட். நான் சூடு பட்டதால் இதைத் திட்டுவேன் என்று எதிர்பார்க்கலாம். திட்ட மாட்டேன், தப்பு பலகையினுடையது இல்லை. கடையில் கேட்க வேண்டிய எண் 710. ஐ.எஸ். 710 முத்திரை உள்ளதுதான் கொதிநீருக்கும் பிரியாத மரைன் பிளைவுட். ஐ.எஸ். 303 என்பது சாதாரண வகை, அதிலும் எம்.ஆர். (ஓரளவு ஈரம் மட்டும் தாங்குவது) என்று எழுதியிருந்தால் டெல்டா மழைக்கு அது ஆகாது. பிளைவுட்டின் பெரிய லாபம் கணக்குச் சுத்தம். ஷீட் எட்டுக்கு நாலு. அலமாரியின் ஆழத்தை 9.5 அங்குலமாக வைத்தால் நாலடி அகலத்தில் ஐந்து கீற்று விழும். 11.5 என்று வைத்தால் நாலுதான். டெமி புத்தகத்தின் அகலமே ஐந்தரை அங்குலம், ஒன்பதரை தாராளம். இரண்டரை அடி அகலத்தில் நாலு பத்தி (பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் நாலு அடுக்கு), பத்திக்கு ஏழு பலகை, ஐந்து நிமிர்ந்த சட்டம், ஏழடி உயரம் என்று போட்டால் சரியாக மூன்று ஷீட்டில் முடிந்துவிடும். அந்த இரண்டு அங்குல ஆழத்துக்கு ஆசைப்பட்டால் நாலாவது ஷீட் வாங்க வேண்டும். வாங்கி என்ன கிடைக்கும்? புத்தகத்துக்கு முன்னால் மருந்து டப்பா வைக்க இடம் கிடைக்கும்.

பிளைவுட்டில் கெட்ட வழக்கம் அதைச் செய்கிறவர்களிடம் இருக்கிறது. பின்பலகையைச் சுவரோடு ஒட்டுவது, கீழே நாலு பக்கமும் அடைத்துப் பெட்டி மாதிரி அடிப்பது, ஒரு பக்கம் மட்டும் மைக்கா ஒட்டி மறுபக்கத்தை அப்படியே விடுவது. மைக்கா ஒரு பக்கம் மட்டும் இருந்தால் ஈரம் மறுபக்கம் ஏறிப் பலகை வளையும். அடைத்த அடிப்பெட்டிக்குள் இருட்டும் ஈரமும் மரமும் சேர்ந்திருக்கும், செல்லுக்கு வேறென்ன வேண்டும்?

நான்காவது மரம். இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எங்கள் ஆசாரிக்குப் பொழுது போவதே தெரியாது. நம் பக்கம் கால்வாய்க் கரைகளில் வளர்ந்த தேக்கு நிறைய. தண்ணீர் குடித்து வேகமாகப் பருத்த மரம், வெள்ளை (வெளிப்பக்க இளமரம்) அதிகம், வைரம் (நடுவில் உள்ள கெட்டி மரம்) குறைவு. செல்லும் வண்டும் முதலில் தின்பது வெள்ளையைத்தான். பலா நல்ல மரம், தஞ்சாவூர் வீணையே அதில்தான் கடைகிறார்கள், ஆனால் அலமாரிக்கு வேண்டிய நீளப் பலகை கிடைப்பது கடினம். வேம்பு கசப்பு, பூச்சி குறைவு, சரியாகக் காயாவிட்டால் முறுக்கிக்கொள்ளும். எந்த மரமானாலும் காய்ச்சல்தான் முக்கியம், ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு வருடம் நிழலில் காய வேண்டும் என்பது பொதுக் கணக்கு. 2018 நவம்பரில் கஜா புயலில் விழுந்த தேக்கை உடனே அறுத்து எங்கள் உறவில் ஒருவர் பட்டுக்கோட்டையில் அலமாரி செய்தார். அடுத்த கோடையில் அதன் கதவுகள் ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன.

அதனால் எனக்குப் பிடித்தது பழைய மரம். இடித்த வீட்டு உத்தரம், நிலை, கைமரம் எல்லாம் விற்கும் கடைகள் கும்பகோணம் பக்கம் இருக்கின்றன. பல வருடம் கூரைக்குக் கீழே காய்ந்த மரம் இனி வளைய எதுவும் மிச்சமில்லை. ஆனால் வாங்கும்போது ஏமாற இடம் அதிகம். பெயிண்ட் அடித்த மரத்தை ஒரு இடத்திலாவது செதுக்கிக் காட்டச் சொல்ல வேண்டும். ஆணி எல்லாம் பிடுங்கியாயிற்றா என்று பார்க்க வேண்டும், இல்லையென்றால் வாள்பட்டறையில் வாள் உடையும், அந்தக் கோபம் நம் மேல் வரும். நான் சொன்ன அளவில் முழு அலமாரியும் ஒரு அங்குலப் பலகையில் செய்தால் இழைப்புக் கழிவு சேர்த்து எட்டு ஒன்பது கன அடி பிடிக்கும். தேக்கு கன அடிக் கணக்கில் விற்பது, விலை கேட்டதும் நான் கடை வாசலில் ஒரு டீ குடித்தேன்.

பிளாஸ்டிக் கலந்த டபிள்யூ.பி.சி. பலகை செல்லுக்கும் தண்ணீருக்கும் அசையாது, ஆனால் புத்தகப் பாரத்தை வருடக்கணக்கில் தாங்கும்போது மெல்லத் தொய்யும். குளியலறைக் கதவுக்கு நல்லது. இரும்பு ஆங்கிள் ரேக் மலிவு, ஆனால் நாகப்பட்டினம், வேதாரண்யம் உப்புக்காற்றில் துருப்பிடிக்கும். கூடத்தில் வைத்தால் ரேஷன் கடை மாதிரியும் இருக்கும்.

கடைசியில் நான் செய்தது கலப்பு. நிமிர்ந்த சட்டங்கள் ஐந்தும் பழைய தேக்கு, ஒன்றேகால் அங்குலக் கனம். தட்டுகள் 710 பிளைவுட், இரண்டே ஷீட். ஒவ்வொரு தட்டின் முன்விளிம்பிலும் ஒன்றரை அங்குலத் தேக்கு ரீப்பர், அது பார்வைக்கு மட்டும் இல்லை, தொய்வையும் தடுக்கிறது. சட்டங்களின் அடியில் உள்ளங்கை அகலக் கடப்பாக் கல் துண்டுகள். ரெட் ஆக்சைடு தரையில் மரம் நேராகக் குத்தி நின்றால் தரை விரியும், கழுவுகிற தண்ணீரையும் மரம் குடிக்கும். கீழ்த்தட்டு தரையிலிருந்து ஒன்பது அங்குல உயரத்தில். அடியில் எதையும் அடைக்கவில்லை, துடைப்பம் போகும், டார்ச் அடித்தால் பின்சுவர் வரை தெரியும். பின்பலகை கிடையாது. சுவருக்கும் அலமாரிக்கும் நடுவில் ஒரு அங்குல இடைவெளி. மேலே மட்டும் இரண்டு இடத்தில் பட்டை இரும்பால் சுவரைப் பிடித்திருக்கிறது, அதுவும் காரையில் இல்லை, செங்கல்லின் நடுவில் துளை போட்டு.

கல் துண்டு வைத்தால் செல் வராது என்று நினைக்க வேண்டாம். அது கல்லின் மேலேயும் மண்பாதை கட்டிக்கொண்டு ஏறும், சுண்ணாம்பு மூட்டுக்குள்ளேயே நடந்து சுவரின் நடுவிலிருந்தும் வெளியே வரும். வெளியே வந்தால் நம் கண்ணில் படும் என்பதுதான் திறந்த அடிப்பாகத்தின் பயன். மாதம் ஒருமுறை டார்ச் அடித்துப் பார்த்து மண்பாதையை உடைத்துவிட்டு மருந்து வைத்தால் போதும்.

பொருத்துகிற அன்றைக்கு எண்பது வருட வீடு தன் கோணலையெல்லாம் காட்டியது. சுவர் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஒன்றேகால் அங்குலம் வித்தியாசம். ரசமட்டம் வைத்தால் தரை முற்றத்தை நோக்கிச் சரிந்திருந்தது. தண்ணீர் வழிந்தோட வேண்டுமென்று வேண்டுமென்றே விட்ட சரிவு அது. ஆசாரி தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்துவிட்டு, "தம்பி, சுவரை நம்பி அளவெடுத்தா அலமாரியும் கோணல்தான்" என்றார். அகலத்தை அடி, நடு, உச்சி என மூன்று உயரத்தில் அளந்து, அதில் சின்னதை எடுத்துக்கொண்டார். அலமாரியைத் தூக்குக்குண்டுக்கு நேராக நிறுத்தி, கல் துண்டுகளின் கனத்தை மாற்றித் தரைச் சரிவைச் சமன் செய்தார். சுவரோரம் விழுந்த சந்தை மூட, சுவரின் வளைவுக்கேற்பக் கோடு இழுத்துச் செதுக்கிய ஒரு மெல்லிய பட்டி. அதனால்தான் இது சுவரோடு பிறந்த மாதிரி தெரிகிறது. இதை ரெடிமேடாகப் பெட்டி பெட்டியாகச் செய்து கொண்டுவந்து பொருத்துகிறவர்களால் செய்ய முடியாது.

கதவு வேண்டுமா? தை அறுவடைத் தூசியை நினைத்தால் கண்ணாடிக் கதவு வேண்டும் என்று தோன்றும். கார்த்திகை ஈரத்தை நினைத்தால் கூடாது. மூடிய அலமாரிக்குள் காற்று ஓடாமல் பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும். நான் திறந்தே விட்டேன். சீர்காழியில் 1892-ல் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் நூலகத்தில் வாசகர் தானே கைநீட்டி எடுக்கிற திறந்த முறைக்காக வாதாடியவர். 1931-ல் மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில் மாட்டுவண்டியில் நூலகம் போன மண் இது. அப்படிப்பட்ட ஊரில் வீட்டுப் புத்தகத்துக்குப் பூட்டு எதற்கு? தூசி தட்டுவதற்கு ஒரு துணி போதும். அப்பாவின் பழைய பதிப்புகள் மட்டும் சுவரலமாரியில், வலைக் கதவுக்குப் பின்னால். புத்தகத்தை அரிக்கும் இராமபாணப் பூச்சிக்கு வசம்புத் துண்டுகளைத் துணியில் முடிந்து வைத்திருக்கிறேன். தஞ்சாவூர் சரஸ்வதி மகாலில் சுவடிகளுக்கு வசம்பு சேர்த்த பொடியைத்தான் வைத்து வந்திருக்கிறார்கள். வாசனை போனதும் மாற்ற வேண்டும், நான் பொங்கலுக்கும் ஆடிக்கும் மாற்றுகிறேன்.

ஒரே ஒரு இடத்தில்தான் அளவெல்லாம் தப்பிற்று. அந்தச் சுவரில் ஒரு பழைய மாடப்பிறை இருக்கிறது, விளக்கு வைக்கிறது. இரண்டாவது பத்தியின் நட்ட நடுவில் வந்தது. அடைத்துவிடலாமா என்று ஆசாரி கேட்டார், அம்மா கூடாது என்றார். ஒரு தட்டைக் குறைத்து அந்த இடத்தைத் திறந்தே விட்டோம். புத்தகத்துக்கு நடுவில் விளக்கு வைக்க முடியாது, அதனால் கார்த்திகை விளக்கு திண்ணை மாடத்துக்குப் போய்விட்டது. பிறையில் இப்போது என் மூக்குக்கண்ணாடியும் ஆசாரி மறந்துவிட்டுப் போன தூக்குக்குண்டும் இருக்கின்றன. நாளைக்கு வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று அவர் சொல்லி ஒன்பது மாதமாகிறது.